ஐந்தாவது பாட்டில் இடத்தன்

ஜப்பான் கிற்றார் கூட்டமொன்றின் புது அல்பம் புதன்கிழமை வெளியானது. ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் சேர்ந்திருந்துதான் கேட்பது, அதுவரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்று பேச்சு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தேடினாலும் அந்தக் கிற்றார் கூட்டத்துக்கு ரசிகர் என்று தேறுவது இந்த மூன்று பேர்தான்: திருநெல்வேலியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நிருஷன், பல்கலைக்கழகத்தில் படிக்கிற கஜந்தினி, குருநகரில் கடலட்டைக்குச் சுழியோடுகிற பிரகாஸ்.

பிரகாசுக்கு இடது காது போய் மூன்று கிழமை ஆகியிருந்தது.

பத்துப் பாகம், அறுபது அடித் தண்ணீருக்குக் கீழே, அட்டையைப் பொறுக்கிப் பைக்குள் போடும்போது, காதுக்குள் அப்பளம் நொறுங்கியது போல ஒரு சத்தம். மேலே வரும்போது மூக்கால் ரத்தம். பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "உள் நரம்பு செத்துப்போச்சு தம்பி. இனி வராது. மற்றக் காதாவது இருக்கவேணுமெண்டால் தண்ணிக்குள்ளை இறங்காதையும்." பிரகாஸ் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நாளே இறங்கினான். காதுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அக்கா யசிந்தாவுக்குச் சொல்லிவைத்தான். அவள் பாவம், நம்பினாள்.

டொக்டர் சொன்னதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பயந்தான்.

காரணம் இருந்தது. ஏ.எல். படிக்கிற காலத்தில் ரியூசன் முடிந்து பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவனிடமும் நிருஷனிடமும் ஒரு போன், ஒரு இயர்போன். இடப்பக்கக் குமிழ் பிரகாசின் இடது காதில், வலப்பக்கக் குமிழ் நிருஷனின் வலது காதில். அந்தக் கூட்டத்திலோ இரண்டு கிற்றார்காரர். ஒருவன் வாசிப்பது இடப்பக்கத்தில் மட்டும் கேட்கும், மற்றவன் வாசிப்பது வலப்பக்கத்தில் மட்டும் கேட்கும். இது தெரியாமல் இரண்டு பேரும் இரண்டு வருடம் சண்டை பிடித்தார்கள். "அந்த இழுப்பைக் கேட்டனியே?" என்பான் பிரகாஸ். "என்ன இழுப்படா? அவன் வெட்டி வெட்டியெல்லே அடிக்கிறான், உனக்கென்ன காது செவிடோ?" என்பான் நிருஷன்.

பிறகு கஜந்தினி வந்து சேர்ந்தாள். அவர்களின் பாட்டொன்றின் வீடியோவுக்குக் கீழே நிருஷன் தமிழில் எழுதியிருந்த ஒரேயொரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவள். கதையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் பாதிப் பாதிப் பாட்டெல்லோ கேட்டிருக்கிறியள்!"

தெரிந்த பிறகும் அவர்கள் பக்கம் மாறவில்லை. ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாதபடியால், அளவெட்டித் தோட்டக்காரரின் மகனான நிருஷன், வண்டிலில் இடமும் வலமும் பூட்டும் மாடுகளுக்குச் சொல்வது போல இடத்தன், வலத்தன் என்று இரண்டு கிற்றார்காரருக்கும் பெயர் வைத்தான். அன்றிலிருந்து பிரகாஸ் இடத்தனின் ஆள். வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆள் என்பதைவிட அவனுக்கு அதுதான் பெரிது.

ஞாயிறு நிருஷன் கடை ஷட்டரை அரைவாசிக்கு இறக்கிவிட்டு மின்விசிறியைப் போட்டான். வெளியே பலாலி வீதி பஸ்கள் இரைந்தன.

"புதன்கிழமை தொட்டு நான் விரதமடா," என்றான் நிருஷன். "இனித் தாங்கேலாது."

கஜந்தினி தலையைக் குனிந்தாள். "நான் முறிச்சிட்டன்."

"கேட்டிட்டீரோ? துரோகி!"

"மூண்டு தரம். பிரகாஸ் அண்ணை, அஞ்சாவது பாட்டிலை உங்களுக்கு ஒரு சாமான் இருக்கு. என்னெண்டு சொல்லமாட்டன்."

நிருஷன் வழக்கம்போல இடப்பக்கக் குமிழை நீட்டினான். மற்றக் காதில் வைத்தால் ஏனென்று கேட்பார்கள் என்று, பிரகாஸ் வாங்கிச் செத்த காதுக்குள்ளேயே வைத்தான். ஒன்றுமில்லை. அதே இரைச்சல். முதலே கேட்டுவிட்ட கஜந்தினி போன் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

நிருஷனின் கால் தாளம் போட்டது. பிரகாஸ் அந்தக் காலைப் பார்த்துத் தலையாட்டினான். கால் வேகம் எடுத்தால் இவன் தலையும் வேகம் எடுத்தது. அது நின்றால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். முதல் பாட்டுக்கு "அட, என்ன மாதிரி!" என்றான். இரண்டாவதற்கு "பழைய ஆள்தான், மாறேல்லை" என்றான். நாலு பாட்டு இப்படியே தப்பிப் பிழைத்தான்.

ஐந்தாவதில், கொஞ்ச நேரத்தில் கால் நின்றது.

பிரகாஸ் குமிழைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, "அருமை மச்சான், கஜந்தினி சொன்னது சரிதான்," என்றான்.

இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் கையிலிருந்த குமிழ் மெல்லியதாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"பாட்டு முடியேல்லையடா," என்றான் நிருஷன். "எனக்குத்தான் ஒண்டும் கேக்கேல்லை. உன்ரை பக்கம் போகுதெல்லே?"

"மற்ற எல்லாம் நிண்டு, இடத்தன் மட்டும் தனிய வாசிக்கிற இடம் அண்ணை அது," என்றாள் கஜந்தினி. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒண்டரை நிமிசம்."

பிரகாஸ் மேசையிலிருந்த உடைந்த போன்களைப் பார்த்தான். பிறகு காது போனதையும் டொக்டர் சொன்னதையும் சொன்னான்.

நிருஷனுக்குக் கோபம்தான் வந்தது. "மூண்டு கிழமையாய் என்னட்டைச் சொல்லேல்லை. நாலு பாட்டுக்கு எனக்கு நடிச்சுக் காட்டினனியே?" பேசியபடியே போனை எடுத்து எதையோ தட்டினான். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒரே குமிழுக்குள் கொண்டுவந்து, ஐந்தாவதைத் திரும்பப் போட்டு, குமிழைப் பிரகாசின் வலது காதுக்குள் தானே வைத்துவிட்டான்.

பாட்டு வந்தது. எல்லாம் வந்தது. இடத்தனும் வலத்தனும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எது எவன் என்று பிரிக்கமுடியாத ஒரு கும்பலாக வந்தது. அந்தத் தனி இடம் மட்டும் துப்புரவாகக் கேட்டது. நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் யாரோ முன்பின் தெரியாதவன் வேறு வீட்டிலிருந்து வாசிப்பது போல இருந்தது.

"எப்பிடி?" என்றான் நிருஷன்.

"கேக்குது."

"கடலை விடு மச்சான்."

"விட்டிட்டு? உன்ரை கடையிலை போனுக்குக் கண்ணாடி ஒட்டவோ?"

நிருஷன் கடையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கதிரை, ஒரு மேசை, அவன் ஒருவனுக்கே போதாத வேலை. வா என்று சொல்ல வாய் எடுத்தவன், மேசையிலிருந்த போனொன்றை எடுத்துத் துடைத்தான்.

"முதலிலையிருந்து போடட்டே அண்ணை?" என்று கஜந்தினி கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. விடிய நாலு மணிக்கு வள்ளம்."

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தான். நிருஷனும் பின்னால் வந்தான். பஸ் வரும்வரை இருவரும் நின்றார்கள்.

"இனி அடுத்தது எப்ப விடுவாங்களாம்?"

"இதுக்கு ஆறு வருசம் எடுத்தவங்கள்," என்றான் நிருஷன். சொன்ன பிறகுதான், பிரகாசின் மற்றக் காது நினைவுக்கு வர, நாக்கைக் கடித்தான். "சொல்லேலாது. கெதியிலையும் வரும்."

பிரகாஸ் வலது காதைத் திருப்பிக்கொண்டு, "என்ன?" என்றான். பஸ் வந்து நின்று இரைந்துகொண்டிருந்தது.

நிருஷன் ஏறு என்று கையைக் காட்டினான்.