அறுபத்தொன்றாம் நபர்

படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கத்தான் அதை நிரப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, இவள் வேண்டுமென்றே செய்திருப்பாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. நினைத்தாலும் தப்பில்லை. நானே இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை மனத் துயரத்தை அளப்பது. மருத்துவமனையின் பின்கட்டில், முன்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த அறையில் நாங்கள் நான்கு பேர். கதவில் ஈயத் தகடு அடித்திருப்பதால் உள்ளே போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். வெளிநோயாளிகள் பிரிவில் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் சீட்டு வாங்கிக் காத்திருப்பவர்களிடம் முப்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுப்போம். கால்வலி என்று வந்தவர்களில் உண்மையில் உடைந்துபோகும் நிலையில் இருப்பவர் யார் என்பதை அந்தப் படிவம் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. கேள்விகளை எழுதியவள் நான். கேள்விகளுக்கு நடுவே ஒரு பொறியும் வைத்திருந்தேன். 'கடந்த வாரம் முழுவதும் தண்ணீருக்கடியில் வாழ்ந்தேன்' என்பது அது. படிக்காமல் கையோட்டத்தில் நிரப்புகிறவர்கள் 'ஆம்' என்று போட்டு மாட்டிக்கொள்வார்கள். ஒரு பெரியவர் மட்டும் நிதானமாகப் படித்துப் பார்த்து 'ஆம்' போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, கழுத்துவரை இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை பிற்பகல், காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு படிவத்தை நிரப்பினேன். பதினோரு நிமிடம். சராசரி ஆள் ஒருவர் எப்படிப் போடுவாரோ அப்படிப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். மூன்றாவது கேள்விக்குள் அந்தச் சராசரி ஆளை மறந்துவிட்டேன். முடித்ததும் நேரத்தை உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, படிவத்தை அட்டையில் செருகி, அன்றைக்கு வாங்கிய மற்ற படிவங்களோடு கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மறந்துபோயிற்று. மறதியைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன் என்பதால் இதற்கு மேல் சொல்லாமல் விடுகிறேன்.

மறுநாள் காலை நான் போனபோது அறை தேர்வு முடிவு வந்த வீடு மாதிரி இருந்தது. படிவங்களைக் கணினியில் ஏற்றும் எங்கள் பதிவுக்காரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அறுபத்தொன்றாம் எண்ணுக்கு ஐம்பத்திரண்டு மதிப்பெண், அக்கா, என்றாள். எங்கள் கணக்கில் நாற்பத்தைந்தைத் தாண்டினாலே ஆபத்து. தாண்டியவரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் பார்த்துப் பேசியாக வேண்டும். பேச முடியாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுத வேண்டும். இந்த விதியையும் நான்தான் எழுதினேன். பெயரும் போன் எண்ணும் தனிச் சீட்டில் வாங்கி, ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியையின் அலமாரியில் பூட்டிவைப்போம். அறுபத்தொன்றுக்குச் சீட்டே இல்லை. யாரோ ஒருவர் இவ்வளவு துயரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார். புதன்கிழமை மூன்று மணிக்குள் அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஆனால் பேராசிரியை அதற்குள் என் படிவத்தை உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

தன் விடைத்தாளைத் தன் காதுபடப் பிறர் படிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. பெண், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில், மணமானவர் என்று படித்தார். சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை, பெரும்பாலும். மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவைக்கிறேன், எப்போதும். என் கஷ்டத்தைச் சொல்ல எனக்கு ஒருவர் இருக்கிறார், ஒருபோதும் இல்லை. அந்தப் பதினான்காவது கேள்வியில் பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

எங்கள் புள்ளியியல்காரருக்குச் சராசரி என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும். ஐம்பது வயதில் எதற்கும் பதறாதவர். அவரே எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். விதவையாக இருக்கும் என்றார். மணமானவர் என்று போட்டிருக்கிறதே என்று பேராசிரியை சுட்டிக்காட்டினார். அப்படியென்றால் புருஷன் சரியில்லை என்று பதிவுக்காரி தீர்ப்பே சொல்லிவிட்டாள். என் கணவருக்கு அந்த நேரத்தில் புரையேறியிருக்க வேண்டும்.

எப்படியாவது பேச்சைத் திருப்பலாம் என்று, இது மிகைப்படுத்தலாக இருக்கலாம், சிலருக்கு எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்லும் பழக்கம் உண்டு என்றேன். பதிவுக்காரி என்னை முறைத்த முறைப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“தண்ணிக்கடியில கேள்விக்குக்கூட கரெக்டா போட்டிருக்காங்கக்கா. ஒவ்வொண்ணையும் படிச்சுப் படிச்சுப் போட்டிருக்காங்க. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?”

சராசரியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். முரண்பாடு ஒன்றுகூட இல்லை, இந்த மாதத்திலேயே சுத்தமான படிவம் இதுதான் என்றார். ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பற்றி இவ்வளவு பெருமையாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்படித்தான் எனக்கு அறுபத்தொன்றின் மேல் பொறாமை வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். பதிவுக்காரி மதியச் சாப்பாட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, அவங்க இப்ப சாப்பிட்டிருப்பாங்களா என்றாள். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேராசிரியை போகிறபோதும் வருகிறபோதும், அந்தப் பெண்ணைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் என்னதான் செய்கிறார்கள் என்று அங்கலாய்த்தார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அன்று முழுவதும் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே நின்றால் தள்ளிப்போகச் சொன்னார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தினமும் ஒன்றேகாலுக்கு நான் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போவதையும், இருபது நிமிடம் காதில் வைத்துக்கொண்டு நிற்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரோ பேசுவதற்கு இருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். இருந்தாள். என் அக்கா. அவள் வீட்டு வேலையை முடித்துவிட்டு உட்காரும் நேரம் அது. ஒன்றுமில்லாததைப் பேசுவோம். பேசி முடித்தால் அந்த நாளில் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஒன்றேகாலுக்குக் கால் தானாகத் தாழ்வாரத்துக்குப் போயிற்று. போன பிறகு போனைக் காதில் வைக்காமல் நின்றால் யாராவது என்ன என்று கேட்பார்களே என்று வைத்துக்கொண்டேன். அப்படியே பழகிவிட்டது. ஊரார் மனத்தையெல்லாம் அளக்கிறவள், பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தால் என்னை இந்த வேலையில் வைத்திருப்பார்களா? எனக்கு இருந்த பயம் இதுதான். வெட்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பேராசிரியை திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை வாங்கிவந்தார். அன்றைக்கு வந்த நாற்பது வயதுப் பெண்கள் பதினொரு பேர். பதிவுக்காரி தாழ்வாரத்தில் நின்று பதினொரு பேருக்கும் போன் செய்தாள். ஏழு பேர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர், உன் புண்ணியத்தில் என்று ஆரம்பித்து மருமகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஒருவர், மருத்துவமனையிலிருந்து போன் என்றதுமே தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அழுதுவிட்டார். அவரைத் தேற்றவே தனியாக ஒரு போன் தேவைப்பட்டது. மற்ற இரண்டு பேர் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், எப்போது வரலாம் என்று திருப்பிக் கேட்டார்கள். பதிவுக்காரி உள்ளே வந்து, அறுபத்தொன்று கிடைக்கவில்லை, வேறு இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள் என்றாள். அவள் தொண்டை கட்டியிருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரோ ஒரு பெண் என்று சொன்னேன். அவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். எந்தத் துக்கத்தையும் லிப்டாக மாற்றித்தான் புரிந்துகொள்வார். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், அவள் பெயர் எழுதாமல் போனதைக் கேட்டதும் கத்தியை வைத்தார்.

“எங்க வேலையில, உள்ள மாட்டிக்கிட்டவங்க பெல் அடிப்பாங்க. சிலபேர் அதுக்கும் கூச்சப்பட்டுக்கிட்டு சும்மா நிப்பாங்க, தானா கதவு தெறக்கும்னு. இவங்க பெல் அடிச்சிட்டாங்க. எந்த மாடின்னுதான் சொல்லல.” வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “பாவம், அவங்க வீட்டுக்காரன் என்ன பண்றானோ” என்றார்.

அந்த வீட்டுக்காரன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்ற சொல்லை ஒன்றரை வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணி முடியவில்லை.

புதன்கிழமை காலை பேராசிரியை கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியை நிறுத்துகிறோம், துயர நிலையில் உள்ள ஒருவரைத் தவறவிட்டுவிட்டோம் என்று நெறிமுறைக் குழுவுக்கு. சராசரி எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். பதிவுக்காரி மறுபடி முதலிலிருந்து பதினொரு பேருக்கும் போன் செய்வதற்காக எழுந்தாள். அவள் கதவைத் திறந்தபோது நான் சொன்னேன்.

“போகாத. அறுபத்தொண்ணு நான்தான்.”

“போங்கக்கா” என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். நேரம் பார்க்கத்தான் நிரப்பினேன் என்று பெஞ்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியானால் பதில்கள் பொய்யா என்று பேராசிரியை கேட்டார். இல்லை என்றேன். சராசரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியென்றால் இந்தப் படிவத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லியிருக்க வேண்டும், உடனே காது மடல் சிவந்துவிட்டது. பதிவுக்காரி எதிரே வந்து நின்று, எதிர்ல உக்காந்துதானே சாப்பிட்டீங்க என்றாள். திட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்தாள்.

பேராசிரியை கடிதத்தை மூடினார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குள் ஒருவர் இவளுடன் நேரில் பேசியாக வேண்டும், விதி விதிதான் என்றார். மேலதிகாரி பேசக் கூடாது என்பதும் விதி. ஆக அவர் கிடையாது. பதிவுக்காரி பயிற்சி எடுத்தவள் இல்லை. பயிற்சிச் சான்றிதழ் இருக்கிற ஒரே ஆள் சராசரி. அந்தப் பயிற்சியை அவருக்குக் கொடுத்தவள் நான். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் வாங்கி, போனால் போகிறதென்று என்னிடம் சான்றிதழ் வாங்கியவர்.

“டாக்டரம்மா, தப்பாக் கேட்டா சொல்லிக் குடுங்க” என்று கையேட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பக்கத்து அறைக்கு நடந்தார். என்னைவிட அவர்தான் பயந்திருந்தார்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போட்டார். கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும் என்றேன். சாய்த்துப் போட்டார். முன்னுரையைப் பக்கத்திலிருந்து அப்படியே ஒப்பித்தார். நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்ற வரியில் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திருத்தினேன். பார்த்தார். தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்லப் போனார், அதையும் தடுத்தேன். முகம் வேர்த்திருந்தது. நான் ஒரு நல்ல ஆசிரியை மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்படியே முப்பது கேள்வியும் ஓடிவிடும், திருத்திக்கொண்டே தப்பித்துவிடலாம் என்றுகூட உள்ளே ஒருத்தி கணக்குப் போட்டாள்.

அப்போது அவர் கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “எப்பலேர்ந்தும்மா இப்படி?” என்றார்.

கையேட்டில் அந்தக் கேள்வி வேறு மாதிரி இருக்கும். நான் திருத்தவில்லை. பதில் வராவிட்டால் பத்து வினாடி பேசாமல் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவருக்கு அது மட்டும் நினைவிருந்தது. முழங்காலின் மேல் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்தும் மறைக்கவில்லை. இடது கை முடிந்து வலது கைக்கு வந்தார். நான் சிரிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தது வேறு. எட்டாவது விரல் மடங்கும்போது, எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று ஆரம்பித்தேன். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.