தூணுக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள்

மலேசியாவில், லூனாஸ் கடைத்தெருவின் பின்பக்கச் சாக்கடையில் கல்யாண வீடியோக்களிலிருந்து கழித்துவிடப்பட்ட ஆட்கள் துண்டு துண்டாக வந்து தேங்க ஆரம்பித்தது, கோழி கிலோ ஒன்பது வெள்ளி நாற்பது காசு விற்ற மாதத்தில். எல்லாம் உள்ளங்கை அகலச் சதுரங்கள். ஒன்றில் பாதிக் காது இருக்கும், இன்னொன்றில் சேலை ஓரம். குப்பை லாரிக்காரர்கள் இரண்டு தடவை வாரிக்கொண்டு போனார்கள். மூன்றாம் தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அழுகின ஒட்டுப்பால் நாற்றம். ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டும் பாலை உருவி, சாக்கில் ஒரு வாரம் போட்டு வைத்தவர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. யோகேஸ்வரி அந்தச் சாக்கை இருபத்திரண்டு வருஷம் தூக்கியவள்.

எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடியோக் கடைக்காரர்கள் இருவரின் வீம்பினால் வந்தது. சத்தியசீலன் எச்.264 என்ற பழைய முறையில் வீடியோவைச் சுருக்குகிறவன். எந்த ஓட்டை டிவியில் போட்டாலும் ஓடும் என்பான். ஃபிரோஸ் எச்.265 என்ற புதிய முறைக்காரன்; அதே படம், பாதி இடம் என்பான். யார் முறை உசத்தி என்று பார்த்துவிட, ஒரே கல்யாணத்தை இருவரும் தங்கள் தங்கள் முறையில் சுருக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் இரண்டு டிவி வைத்து ஓடவிட்டார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது யோகேஸ்வரியின் மகள் ஷாமளாவின் கல்யாணம். பசியாற வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஜரிகை இதில்தான் மின்னுகிறது, தீ அதில்தான் தீயாக இருக்கிறது என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

யோகேஸ்வரி இரண்டிலும் தன்னைத் தேடினாள். தாலி ஏறும் நேரத்தில் அவளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியது நாத்தனார் காளியம்மா. "தாலி அறுத்தவ முன்னால வந்து நிக்காத யோகு, புள்ள நல்லா இருக்கணும்ல," என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் மணவறைக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையில் நின்றுகொண்டாள். பெற்றவள் ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றாள். அந்த இடத்தில் பழைய முறையில் ஆறு சதுரங்கள் நெளிந்தன. புதிய முறையில் அதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்தான் வழவழவென்று தெரிந்தது.

"எங்கடா நான்?" என்று கேட்டாள்.

"படம் சுருங்கணும்னா எதையாச்சும் கழிக்கணும் லா அக்கா," என்றான் சத்தியசீலன். "அசையறதுக்குத்தான் அது இடம் குடுக்கும். நீங்க இருட்டுல, சொவத்துக் கலர் சேலைல, செலையாட்டம் நின்னுட்டீங்க."

"என்னோடதுல ஒரு சதுரமாவது தெரியுதா, சொல்லுங்க அக்கா! எவ்ளோ க்ளீன்!" என்றான் ஃபிரோஸ், பரிசு வாங்கினவன் மாதிரி. சுருக்காத மூலப் படத்தைக் கேட்டாள். அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று அதை அழித்தாகிவிட்டது.

யோகேஸ்வரி இரண்டு டிவிக்கும் நடுவில் காறித் துப்பினாள். மிஷினைச் சொல்லி என்ன பண்ண? சொந்தபந்தம் கழித்துப் போட்டதைத்தான் அதுவும் கழித்திருந்தது. நில் என்று சொன்னதும் போய் நின்ற தன் கால்களை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே வாந்தி வந்தது.

மறுநாள் பழைய சாக்கை எடுத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினாள். பதினொரு நாள் பொறுக்கினாள். பாத்திரம் கழுவினவர்கள், கடைசி வரிசைக் கிழவர்கள், பந்திக்கு இலை போட்டவர்கள் என்று எல்லார் துண்டும் கிடந்தது. தன்னுடையதை மட்டும் பிரித்தெடுத்தாள். வீட்டு வாசலில் பரப்பியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரப்பர் பாளத்தைப் போடுவது போலக் கொடியில் போட்டுக் காயவைத்தாள். நான்காம் நாள் அது கொடியிலிருந்து இறங்கி, சாம்பல் சேலையும் தொங்கின முகமுமாகக் கதவோரம் போய் நின்றது. பேசாது, தின்னாது, நகர் என்றால் நகரும், நில் என்றால் நிற்கும். அந்தச் சொன்னபடி கேட்கும் குணம்தான் யோகேஸ்வரிக்கு நாற்றத்தைவிட அருவருப்பாக இருந்தது. பக்கத்து வீட்டார் ஒரு மாதம் ஜன்னலைச் சாத்தினார்கள், பிறகு பழகிவிட்டது.

தை மாதம் மகன் சசிதரனுக்குத் திகாம் பத்துவில் கல்யாணம். காளியம்மா ஒரு வாரம் முன்பே வந்து, தாலி ஏறும்போது எங்கே நிற்க வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள். இதையும் விட்டால் பார்ப்பதற்கு யோகேஸ்வரிக்கு வேறு பிள்ளை கிடையாது. அன்றைக்கு அவள் அரக்குச் சேலை கட்டி, நேராக ஏறிப்போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். காளியம்மா பதறியடித்துக்கொண்டு வந்தாள். "ஏண்டி, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"தூணுக்குப் பின்னால ஒரு ஆள் வேணும், அவ்ளோதானே அண்ணி? அங்க நிக்குது, போய்ப் பாருங்க."

காளியம்மா போய்ப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், சாப்பாடு முடியும்வரை அந்த முந்தானையை எடுக்கவில்லை. ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அம்மாவுக்கு இடம் விட்டு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தான். மேளம் கொட்டியது. யோகேஸ்வரி ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கவில்லை; அட்சதை தூவினாள், மாலையைச் சரிசெய்தாள், கண்ணைத் துடைத்தாள், வேண்டுமென்றே கையை ஆட்டினாள்.

அந்த வீடியோவைப் பழைய முறையிலும் சுருக்கினார்கள், புதிய முறையிலும் சுருக்கினார்கள். இரண்டிலும் அவளுடைய கண்ணீர்த் துளிவரை தெரிகிறது. தூணுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்கிறது. எந்த முறை உசத்தி என்று கடைத்தெருவில் இன்னும் முடிவாகவில்லை. யோகேஸ்வரி வீட்டுக் கதவோரம் நிற்கிறதை இப்போது ஊரில் இரவல் கேட்டு வாங்கிப் போகிறார்கள். தாலி இழந்த தாய்மார் இருக்கும் கல்யாண வீடுகளில் இருந்துதான் அதிகம் வருகிறார்கள். அடுத்த மாதம் செர்டாங்கில் ஒரு கல்யாணம். வேன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.