ஒத்திக்கு இருந்த நாலு வீடு

வனிதாவின் அண்ணன் ஏகாம்பரத்துக்கு ஒரே ஒரு வாசகம்தான் தெரியும். "வாடகையே தவணையக் கட்டிரும்." மூன்று மாதமாக அதையே ஓதினான். புதுக்கோட்டையில் மருத்துவக் கல்லூரிக்குப் போகிற சாலையில் ஒரு மாடிக் கட்டடம். மேலே இரண்டு வீடு, கீழே இரண்டு வீடு, நான்கிலும் குடித்தனம். வருகிற வாடகையில் பேங்க் தவணை போக மிச்சமும் நிற்குமாம். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், சொல்கிறவன் கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

அரிமளத்தில் அவள் தனியாக இருந்தாள். புருஷன் வீரய்யாவுக்குச் சிங்கப்பூரில் சாரம் கட்டும் வேலை. வாடகை கைக்கு வர ஆரம்பித்தால் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் அவன் சேமிப்பிலிருந்து முன்பணம் கொடுத்தாள். மீதிக்குப் பேங்க் கடன். அதற்கு ஈடாகத் தான் குடியிருக்கிற அரிமளத்து வீட்டையே எழுதித் தரவும் தலையாட்டினாள். பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் சுவரைத் தட்டினார், டேப் பிடித்து அளந்தார், நல்ல கட்டடம் என்று எழுதிவிட்டுப் போனார். உள்ளே இருந்தவர்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வனிதா கேட்கப் போனபோது ஏகாம்பரம் தடுத்துவிட்டான். "குடியிருக்கிறவங்களப் போயி கொடஞ்சா காலி பண்ணிட்டுப் போயிருவாங்க."

பத்திரப் பதிவுக்கு முதல் நாள் அவளாகவே பஸ் ஏறிப் போனாள். சந்தேகம் எல்லாம் இல்லை. தண்ணீர் வசதி எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான். கீழ் வீட்டுச் செவந்தி உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். வீட்டை வாங்கப் போகிறவள் நான்தான் என்று வனிதா சொன்னதும் செவந்திக்கு முகம் மாறியது.

"விக்கிறாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்களே."

"நீங்க பயப்படாதீங்க, யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன். மாசம் பொறந்ததும் வாடகை குடுத்துருவீங்கள்ல?"

"வாடகையா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம். மொத்தமா அஞ்சு லட்சம் குடுத்துட்டு உக்காந்திருக்கோம். நாலு வீடும் இதே கணக்குல ஒத்திதாங்க. பைசா வாடகை கெடையாது."

"அப்ப காலி பண்றப்ப?"

"அந்த அஞ்சு லட்சத்தையும் அப்பிடியே திருப்பிக் குடுக்கணும். இனி நீங்கதான வீட்டுக்காரம்மா? நீங்கதான் குடுக்கணும்."

வனிதா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். வராத வாடகையை நம்பிக் கடன். அந்தக் கடனுக்கு மேலே இருபது லட்சம் தலைச்சுமை. கட்டடத்தை விற்கிற ராம்நாத்தை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாவி, வெள்ளந்தியான என் அண்ணனையும் அல்லவா சேர்த்து ஏமாற்றிவிட்டான்!

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவள் தனியாகப் போகவில்லை. செவந்தியும் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் ஏகாம்பரத்தோடு நின்ற ராம்நாத்துக்கு அவர்களைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"நான் வாங்கலங்க. என் முன்பணத்தக் குடுங்க" என்றாள் வனிதா.

"பின்வாங்குனா முன்பணம் திரும்பாதும்மா. அக்ரிமென்ட்ல இருக்கு."

"நாலு வீட்டு ஒத்திய மறச்சீங்களே, அது எந்த அக்ரிமென்ட்ல இருக்கு? உள்ள போயி ஆபீசருட்ட கேப்போமா? இல்ல, ஸ்டேஷன்ல போயி கேப்போமா?"

"எங்க காசுக்கு ஒரு வழி சொல்லாம எங்கிட்டும் நகர முடியாது சார்" என்று செவந்தி அவர் காருக்கு முன்னால் போய் நின்றாள். பதிவுக்கு வந்திருந்த கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பத்திர எழுத்தர்கள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். மானம் போவதைவிடப் பணம் போவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, ராம்நாத் போன் போட்டு அங்கேயே வனிதாவின் கணக்குக்கு முன்பணத்தைத் திருப்பி அனுப்பினார். ஒத்திப் பணத்துக்கு என்ன வழி என்று பெண்கள் அவரை விடாமல் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்பாடா என்று வனிதா மூச்சு விடுவதற்குள் ஏகாம்பரம் அவள் கையைப் பிடித்து மதில் ஓரமாக இழுத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆத்திரம்.

"ஊரக் கூட்டி எல்லாத்தையும் கெடுத்துட்டியே. முடிச்சுக் குடுத்தா எனக்கு ரெண்டு லட்சம் தாரேன்னாரு ராம்நாத். இப்ப அதுக்கு நான் எங்க போவேன்?"

வனிதா அவனையே பார்த்தாள். அண்ணனுக்கு விவரம் பத்தாது என்றுதான் அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்திருந்தாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்?"

"நாலு வருசத்துல சமாளிச்சிருக்கலாம். மச்சான்தான் சம்பாரிக்கிறாருல்ல."

அவள் கையை உதறினாள். பிறந்ததிலிருந்து நீங்க, வாங்க என்று கூப்பிட்ட வாய்தான்.

"இந்தப் பொங்கலுக்குச் சீர் தூக்கிக்கிட்டு என் வாசப்படி மிதிச்சிராத" என்றாள். "எனக்குப் பொறந்த வீடு இல்லன்னு என் வீட்டுக்காரருட்ட நானே சொல்லிக்கிறேன். நீ போ."