தடித்த கால்

குப்பம்மாளின் சேவலுக்குக் கால் வீங்கியதற்குப் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுச்சாமிதான் காரணம் என்று பூண்டி கிராமம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவருடைய பூண்டுப் பாத்தியைச் சேவல் கிளறியதாம், மனுசன் கம்பால் அடித்து எலும்பை முறித்துவிட்டாராம். மாசி மாதம் இந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கொடைக்கானல் கால்நடை டாக்டர் சுவாமிநாதன் காய்கறி லாரியில் ஏறி வந்து, மீதித் தூரத்தை நடந்து சேர்ந்தபோது, குப்பம்மாள் சேவலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். வெள்ளை லெகார்ன் சாதிச் சேவல். இரண்டு கால்களும் பூட்ஸ் மாட்டியதுபோலத் தடித்திருந்தன. தொட்டுப் பார்த்தார். சூடு. ஆனால் முறிவு எங்கும் தட்டுப்படவில்லை.

"அடிச்சிருந்தா ஒரு கால்தானம்மா வீங்கும். இது ரெண்டுமே ஒரே மாதிரி இருக்கே."

"ரெண்டையும் அடிச்சிருப்பாரு, டாக்டரய்யா. அந்தாளு லேசுப்பட்டவரு இல்லைங்க."

கூண்டில் இன்னும் இரண்டு சேவல்கள் நொண்டிக்கொண்டிருந்தன. சுவாமிநாதன் குனிந்து அவற்றின் கால்களையும் பார்த்தார். மூன்றுமே சென்ற வருடம் அவர் கையால் கொடுத்த முட்டைகளில் பொரித்தவை. நல்ல சாதிக் கோழி மலைக்கு வரட்டும் என்று, கீழேயிருந்து ஒரு பண்ணையின் முட்டைகளை வாங்கி வந்து, ஒன்பது வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து, நாட்டுக்கோழிகளின் கீழ் அடைவைக்கச் சொன்னவர் அவர்தான்.

மோசமாக நொண்டிய சேவலைக் கேட்டு வாங்கிப் போனார். அதைக் கொன்று, கால் எலும்பை ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். உள்ளே குழல் இருக்க வேண்டிய இடத்தில் குழலே இல்லை. மஜ்ஜைக்கு ஊசி நுழையும் அளவுகூட இடம் விடாமல் வெள்ளை எலும்பு அடைத்துக் கிடந்தது. ஒரு துண்டை அமிலத்தில் ஊறப்போட்டு, அது மிருதுவானபின் மெல்லிசாகச் சீவிக்கொண்டு, செண்பகனூர் கல்லூரியில் மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

எலும்பு கட்டும் செல்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாக நிற்பதைத்தான் அவர் படித்திருந்தார். இங்கே அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு அடுக்குக்கு நெருக்கிக்கொண்டு நின்றன. அவை கட்டிய எலும்போ ஒழுங்கில்லாமல், பக்குவமாகாமல், பொடிப்பொடித் துளைகளோடு சல்லடைபோல இருந்தது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாத கொத்தனார்கள்போல அவை கட்டிக்கொண்டே போயிருந்தன. அடிபட்ட எலும்பு இப்படி ஆகாது. புத்தகத்தைப் புரட்டினார். வைரஸ். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவது.

புத்தகத்தை மூடினார். பொன்னுச்சாமி அடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். மீதியை யாரும் கேட்கப்போவதில்லை.

மறுவாரம் பூண்டிக்குப் போனார்.

"யாரும் அடிக்கலைம்மா. இது கண்ணுக்குத் தெரியாத கிருமி. முட்டையிலேயே வந்திருக்கு. அந்த முட்டையைக் கொடுத்தது நான்தான்."

குப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தெரிஞ்சா குடுத்தீங்க?"

"தெரியாது. தெரியாட்டாலும் கொடுத்தது நான்தானே."

"முட்டையப் பாத்தா தெரியாதுங்களா?"

"என்கிட்ட அதுக்கு வழியில்லைம்மா."

"மனுசாளுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது. ஆனா கூட இருக்கிற கோழிகளுக்குப் போகும். நாட்டுக்கோழியையும் சேர்த்துத்தான் கொன்னு புதைக்கணும். கூண்டைச் சுண்ணாம்படிச்சுக் காயவிடணும்."

கூண்டிலிருந்த கோழிகளை எண்ணினாள். பதினான்கு உருப்படி. பிறகு, "வெரசா முடிச்சிருங்க. என்னால பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, வரப்பில் இறங்கிப் பொன்னுச்சாமியின் தோட்டத்துக்கு நடந்தாள். சுவாமிநாதனுக்கு அவள் குரல் கேட்டது.

"அண்ணே, நீங்க அடிக்கலையாம். நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

பொன்னுச்சாமி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "ரெண்டு கல்லு விட்டேன் தாயி. படலை. பட்டிருந்தா நீ சொன்னது மெய்யாத்தான் இருந்திருக்கும்."

குப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழி வெட்ட மண்வெட்டியோடு அவரும் கூடவே வந்தார்.

எல்லாம் முடிந்ததும் சுவாமிநாதன் கைகழுவிக்கொண்டார். குப்பம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தன்னிடம் முட்டை வாங்கிய மற்ற எட்டு வீடுகளில் பக்கத்திலிருப்பது எது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்.