சனிக்கிழமைச் சமாதானம்

ஒரு பூசணிக்காய்க்காகப் பிரிந்த குடும்பம் உலகத்தில் எங்காவது உண்டா? ராசிபுரத்துக்கு மேற்கே, அந்த நெசவுத் தெருவில் உண்டு. அறுப்பின் பண்டிகையன்று வேதக்கோயிலில் படைத்த காய்கறிகளை ஏலம் விடுவது வழக்கம். ஒரு பூசணிக்காயை மருதாசலம் கேட்டான். தம்பி அருணகிரி விளையாட்டாக ஏற்றிக் கேட்டான். அண்ணனுக்கு ரோசம், தம்பிக்கு வீம்பு. காய் அழுகி, விதை விழுந்து, புதுக்கொடியும் ஓடிக் காய்த்தாயிற்று. மூன்று வருஷமாக அந்த ரோசம் மட்டும் அழுகவில்லை. ஞானஸ்நானத்தில் இந்த இரண்டு பேருக்கும் வைத்த பெயர் பேதுரு, பவுல். பாவம், அந்தப் பெயர்கள்!

சண்டை ஆண்களுக்குள். கதவு அடைபட்டது பெண்களுக்கு. மருதாசலத்தின் பெண்டாட்டி பாவாயியும் அருணகிரியின் பெண்டாட்டி பொன்னாத்தாளும் கூடப்பிறந்த அக்கா தங்கை. எதிரும் புதிருமாக வீடு. போன வருஷம் பொன்னாத்தாளின் தலைப்பிரசவத்தில், "அக்கா, அக்கா" என்று அவள் அலறியது தெருத் தாண்டிப் பாவாயியின் காதில் விழுந்தது. "அந்த ஊட்டு வாசப்படி மிதிச்சீன்னா இங்க வராத" என்று மருதாசலம் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். குழந்தை தங்கவில்லை. அன்றைக்குப் பாவாயிக்குப் புருஷன் மேல் வந்த வெறுப்பு பிறகு போகவே இல்லை. இப்போது தங்கைக்கு மறுபடியும் நிறைமாதம். இந்தத் தடவை போகாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை திருவிருந்து. மனசில் பகை வைத்துக்கொண்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கக்கூடாது. அதனால் முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பகையுள்ளவர்கள் சபைக்கு முன்னால் வந்து கை கொடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனும் தம்பியும் தவறாமல் வருவார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு கை கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடி, பயபக்தியோடு வாங்குவார்கள். திங்கட்கிழமை தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற இடத்தில் ஒருவன் தலையைக் கண்டால் மற்றவன் காறித் துப்புவான். சபையை நடத்துகிற உபதேசியாருக்கா தெரியாது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அந்தப் பொய்ச் சமாதானத்தில்தான் அக்காளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள முடிந்தது. வீட்டுக்காரர்களோடு அவர்களும் முன்னால் போய் நின்றுகொள்வார்கள். கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தால்தான் யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த மாதம் பார்த்து, சேலத்திலிருந்து ஒரு பிரசங்கியார் பஸ் ஏறி வந்துவிட்டார். மடிப்புக் கலையாத கோட்டு. உடைந்த சபைகளை ஒட்டவைப்பது அவருக்கு உத்தியோகம். சும்மா கை கொடுத்தால் போதாதாம். எதிராளி செய்த குற்றத்தைச் சபையறியச் சொல்லி, அப்புறம் மன்னிக்க வேண்டுமாம். கேட்கவா வேண்டும்! மருதாசலம் பூசணிக்காயில் ஆரம்பித்து, கல்யாணப் பந்தியில் தனக்கு இலை பிந்திப் போட்டது வரைக்கும் போனான். அருணகிரி அதற்கும் மேலே போனான். கடைசியில் இருவரும் "மன்னிச்சேன்" என்று சொன்னது, வைகிற மாதிரியே இருந்தது. பிரசங்கியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிச் சகோதரிகள்" என்றார். "உன் தங்கை உனக்கு என்ன தீங்கு செய்தாள், அம்மா?"

பாவாயி யோசித்தாள். மெய்யாகவே யோசித்தாள். ஏதாவது ஒன்றைச் சொன்னால் கையைப் பிடிக்கலாமே! எதிரே பொன்னாத்தாள் இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். காலெல்லாம் வீக்கம்.

"ஒண்ணும் பண்ணலீங்க."

"ஒன்றும் இல்லாமலா மூன்று வருஷம் பேசவில்லை?"

"நாங்க சண்டையே போடலீங்களே. போட்டது இவிய ரெண்டு பேரு. பேசக்கூடாதுன்னு சொன்னதும் இவியதானுங்க."

"குற்றம் இல்லாமல் எதை மன்னிப்பது? மன்னிக்காமல் எப்படி அம்மா ஒப்புரவாவது?" பிரசங்கியார் குழம்பிப்போனார். சண்டை போடாதவர்களைச் சேர்த்துவைக்க அவர் படித்த படிப்பில் வழி இல்லை.

மருதாசலம் பல்லைக் கடித்தான். "எதையாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலையேன்!"

பாவாயிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"சொல்றனுங்க. குத்தம் தங்கச்சி மேல இல்லீங்க, இவிய மேல இருக்குது. ஒரு பூசணிக்காய்க்கு ஒரு கொழந்தையக் குடுத்தாச்சு. அத நான் மன்னிக்க மாட்டனுங்க. நாளைக்கு எனக்கு அப்பம் வேண்டாங்க." தங்கையின் கையைப் பிடித்தாள். "வா அம்மிணி, உன்ற ஊட்டுக்குப் போலாம்."

இரண்டு பேரும் பெண்கள் பக்கத்துப் பாய்களைத் தாண்டி வெளியே நடந்தார்கள். மறிக்க ஒருவனும் எழவில்லை. பொன்னாத்தாள் வீட்டுக் கதவுக்கு உள்ளே தாழ் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

"பொம்பளைக்கு இத்தன திமிரா?" என்றான் மருதாசலம்.

"அதானே அண்ணா! சபையில நம்ம மானமே போச்சே" என்றான் அருணகிரி.

மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த முதல் "அண்ணா" அது. பின்னாலேயே வந்த பிரசங்கியார் தெருவிலேயே நின்று ஸ்தோத்திரம் செய்தார். ஐக்கியம் வந்துவிட்டதாம்! இரண்டு பேரும் தோளோடு தோள் உரச வந்து கதவைத் தட்டினார்கள்.

கதவு ஒரு சாண் திறந்தது. பாவாயியின் கையெல்லாம் ஈரம். உள்ளே பச்சைக்குழந்தை வீறிட்டது.

"பொண்ணு. தாயும் புள்ளையும் நல்லா இருக்கறாங்க" என்றாள்.

அருணகிரி உள்ளே வரக் காலெடுத்தான். அவள் கதவை விடவில்லை. இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அதிசயமா ரெண்டு பேரும் சேந்து நிக்கறீங்க. அப்படியே கெணத்துக்குப் போயி ஆளுக்கொரு கொடம் தண்ணி சேந்திக்கிட்டு வாங்க. வேணும்னா கை கோத்துக்கிட்டே போங்க. பொறவு புள்ளையப் பாக்கலாம்."

வெளியே நீட்டிய வெறுங்குடங்களை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். பாவாயி உள்ளே போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்ல அங்கே யாரும் இல்லை.