எழுதியது பத்து

வெள்ளைப் பலகையில் 'நூறு மீட்டர், பத்து தடவை' என்று எழுதிவிட்டுப் பயிற்சியாளர் கொட்டாவி விட்டார். இருபது வருடமாக விடிகாலையில் இதே கொட்டாவி, இதே குளோரின் நாற்றம்.

உண்மையில் அவருக்கு வேண்டியது எட்டுதான். நீச்சல் கிளப்பில் இருக்கும் எமகாதகப் பிள்ளைகள் எப்படியும் இரண்டை முழுங்கிவிடுவார்கள் என்று கூட்டியே எழுதுவார். அவர்களும் எட்டோடு நிறுத்தி, பத்து முடித்த மாதிரி மூச்சு வாங்குவார்கள். அவரும் கண்டுகொள்ளாமல் டீ குடிக்கப் போய்விடுவார்.

அன்று டீக்குப் போகாமல் அவர் நின்றிருந்தார். எல்லோரும் கரையேறிய பிறகும், போன மாதம் சேர்ந்த பெண் மட்டும் நீந்திக்கொண்டிருந்தாள். பத்தையும் முடித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கையைத் தூக்கவே முடியல சார். அவங்கல்லாம் எட்டுதான் அடிச்சாங்க. நான் ஒரு நாள்கூடக் குறைச்சதில்ல."

ஒரு மாதமாகவா? அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நாளைலேர்ந்து குறைச்சுக்கலாம்மா. போய் ஐஸ் வை."

மறுநாள் பலகையில் எட்டு என்றே எழுதினார். அவள் எட்டையும் ஒழுங்காக நீந்தினாள். மற்றவர்கள் ஆறிலேயே கரையேறி, அவர் முகத்தைப் பார்த்தபடி, எட்டு முடித்த மாதிரி மூச்சு வாங்கினார்கள்.