மூன்று பஸ், மூன்று சாமான்

'வெயிட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரிசில்லா காலையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். சிதம்பரத்தில், மாணவர்களுக்கான ஆங்கில–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒரு வினைச்சொல்லை எடுத்தால் அது எங்கே பிறந்தது, எப்படிப் புழங்குகிறது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மற்ற சொல்லெல்லாம் சரி. இந்தச் சொல்லை மட்டும் இரண்டு வருஷமாகச் சித்தார்த்திடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"கொஞ்சம் வெயிட் பண்ணு, அப்பாகிட்ட பேசுறேன்."

அப்பா மரிய ஜோசப், கடலூரில் பங்குக் கோயில் கமிட்டியில் இருப்பவர். சித்தார்த் வீட்டிலோ ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பில் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். "சாயங்காலம் பஸ்ல ஒரு பதில் சொல்லிடு பிரிசி. பொண்ணு பாக்கறத நான் நிறுத்திடுறேன்" என்று காலையில் கேட்டிருந்தான். பதில் இல்லாதவள் என்ன செய்வாள்? போனை அணைத்துவிட்டாள். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவள், ஆறு ஆகியும் நாற்காலியை விட்டு எழவில்லை. பெரிய தைரியசாலிதான்!

வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லையே எடுத்தாள். பஸ்ஸுக்கு, டாக்டருக்கு, பரீட்சை முடிவுக்கு என்று உதாரணங்களை எழுதினாள். ஓட்டலில் பரிமாறுவதற்கும் அதே சொல்தான். கடைசியில் பிறப்பு. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அங்கே அதற்குக் காவல் இருப்பது, கண்ணயராமல் பார்ப்பது என்று பொருள். சும்மா இருப்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் 'காத்திருத்தல்' என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் அதற்குள்ளும் ஒரு காவல் இருப்பதைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் சும்மா இருக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தாள்! பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். கடலூர் பஸ் உள்ளே வந்து திரும்பும்போதே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு, நாலு வருஷமாக அவளுக்கு சீட் பிடிக்கிறவன் சித்தார்த். இன்றும் பஸ் படியருகே நின்றிருந்தான். வலது காலில் செருப்பில்லை.

"என்னாச்சு?"

"மொத பஸ்ல கர்ச்சீப் போட்டேன். நீ வர்றியான்னு வாசலாண்ட போய்ப் பாக்கறதுக்குள்ள பஸ் கெளம்பிடுச்சு. ரெண்டாவதுல டிபன் பாக்ஸ் வெச்சேன். அதுவும் போயிடுச்சு."

"செருப்பு?"

"தோ, இந்த மூணாவது பஸ்ல, சன்னல் சீட்டுல. வேற ஒண்ணும் கையில இல்ல. பக்கத்து சீட்டு அக்கா திட்டுறாங்க, சீக்கிரம் ஏறு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். இப்படி ஒருவனை இரண்டு வருஷம் நிற்க வைத்தோமே என்று இருந்தது. ஏறி, சீட்டிலிருந்த செருப்பை எடுத்து, பின்னாலேயே ஏறியவன் காலடியில் வைத்தாள். உட்கார்ந்ததும், அணைத்திருந்த போனைத் திறந்து அப்பாவுக்குப் போட்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வரேன். அவருக்கும் சேத்து சாப்பாடு வெக்கச் சொல்லுங்க. பேரு சித்தார்த். நான் கட்டிக்கப் போறவரு."

பஸ் கிளம்பிவிட்டது. சித்தார்த் கம்பியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த பஸ்ஸு?" என்றார் அப்பா. கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

"இப்பதாம்பா சிதம்பரத்துல எடுத்தாங்க."

"சரி, வாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல வெயிட் பண்றேன்."

போனில் அந்தக் குரல் காதில் விழுந்ததும் சித்தார்த் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டான்.